சின்சினாட்டி சங்கமும் வம்சாவளிச் சான்றும்

சின்சினாட்டி சங்கம் அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய படை அதிகாரிகளின் வழித்தோன்றல்களுக்கான மரபுரிமை அமைப்பு. போர் ஓய்ந்து படை கலையவிருந்த நேரத்தில், 1783 மே 13 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஃபிஷ்கில் அருகே வெர்பிளாங்க் இல்லத்தில் அதிகாரிகள் கூடி இதைத் தொடங்கினர். யோசனை தளபதி ஹென்றி நாக்ஸுடையது. கடமை முடிந்ததும் உழவுக்குத் திரும்பிய ரோமானியர் சின்சினாட்டஸின் பெயரே சங்கத்துக்கும் வந்தது. முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

நிறுவிய தலைமுறைக்கு வம்சாவளித் தாள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 3 ஆண்டுகள் பணியாற்றியவரோ போர் முடியும்வரை நின்றவரோ ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிக் கையெழுத்திட்டால் போதும். அவரைப் படையில் கண்ட கண்கள் பக்கத்திலேயே இருந்தன. வில்லங்கம் வாரிசு விதியில்தான் இருந்தது. உறுப்பினருக்குப் பின் உரிமை மூத்த ஆண் வழிக்கு. அது அற்றுப்போனால் தகுதியுள்ள கிளைவழிக்கு.

முடியாட்சியை அப்போதுதான் உதறிய நாட்டில் இது பிரபுத்துவ வாடை வீசியது. தென் கரோலினாவின் ஈடனஸ் பர்க் 1783-இலேயே எதிர்த்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1784 ஜனவரியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மகளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கே போட்டார்: 9 தலைமுறை கடந்தால் வாரிசின் உடலில் மூதாதையின் பங்கு 512-இல் ஒன்று. (அதே பிராங்க்ளின் பின்னர் கௌரவ உறுப்பினரானார்.) வாரிசுரிமையைக் கைவிடும்படி வாஷிங்டன் 1784-இல் வற்புறுத்தினார். மாநிலச் சங்கங்கள் எல்லாம் இசையாததால் விதி நிலைத்தது.

அதைப் பின்பற்றுவதற்கான ஆவணங்களோ சிதறிக் கிடந்தன. போர்த்துறை அலுவலகம் 1800-இல் எரிந்தபோது படைப் பதிவுகளில் பெரும்பகுதி சாம்பலானது. அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியவை ஓய்வூதியக் கோப்புகள். 1832 சட்டத்தின்கீழ் முதிய வீரர்கள் நீதிமன்றத்தில் தம் பணியைச் சத்தியம் செய்து விவரித்தனர். 1836-க்குப் பின் விதவைகள் தம் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. சிலர் பிறப்பும் மணமும் குறித்துவைத்த குடும்ப பைபிள் ஏட்டையே கிழித்து அனுப்பினர். உதவித்தொகைக்காகக் கிழிபட்ட ஏடு, பிற்காலத்தில் வம்சப் பெருமைக்குச் சாட்சியானது வரலாற்றின் குறும்புதான்.

தகுதியிருந்தும் சேராமல் போன அதிகாரிகளின் சந்ததிக்கு 1854-இல் வாசல் திறந்தது. எப்படி வந்தாலும், விண்ணப்பதாரர் அந்த அதிகாரியின் பணியையும், தலைமுறைதோறும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பையும் காட்டியாக வேண்டும். கிளைவழியினருக்குச் சுமை இன்னும் அதிகம்: தாம் இருப்பதைக் காட்டுவதோடு நில்லாமல், மூத்த வழி இல்லாமற் போனதையும் நிறுவ வேண்டும். சந்ததியின்றி இறந்தவரைப் பற்றி உயில்களும் கல்லறைகளும் சொல்வது சொற்பமே.

1889-இல் தோன்றிய அமெரிக்கப் புரட்சியின் புதல்வர்கள், 1890-இல் தோன்றிய புதல்வியர் ஆகிய அமைப்புகள் சாதாரணப் போர்வீரர் வழியையும் ஏற்றன. அங்கே ஒரே மூதாதையைக் காட்டிப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேரும் சேரலாம். சின்சினாட்டியின் பெரும்பாலான மாநிலச் சங்கங்களிலோ ஓர் அதிகாரிக்கு ஒரு காலத்தில் ஒரே பிரதிநிதி. அண்ணன் உறுப்பினராக இருக்கும்வரை, அதே ஆவணங்கள் கையில் இருந்தும் தம்பிக்கு அந்த மூதாதையின் பெயரில் இடமில்லை.