ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் முதல் ஆன்லைன் பட்டம் வரை: கரிசல் காட்டில் படிப்புச் செலவின் கதை

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது எட்டயபுரம். 1897ஆம் வருடம் ஜனவரி 24ஆம் தேதி அந்த ஊர்ப் பையன் ஒருவன் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். செய்யுளில் எழுதிய விண்ணப்பம். கேட்டது ஒன்றுதான். படிக்கப் பண உதவி வேண்டும். அப்போது அவனுக்கு வயது 14. பெயர் சுப்பிரமணியன். பின்னால் மகாகவி பாரதியார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

பாரதியின் எழுத்துகளில் இன்று தேதியோடு கிடைக்கும் மிகப் பழைய கவிதைகளில் இதுவும் ஒன்று. தமிழின் மிகப் பெரிய கவிஞர் ஒருவரின் ஆரம்ப எழுத்தே "படிக்கப் பணம் இல்லை, உதவுங்கள்" என்ற மனுவாக இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அடுத்த வருடமே அவருடைய அப்பா சின்னசாமி ஐயர் காலமானார். கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை தொடங்கி நஷ்டப்பட்டவர் அவர். வீட்டில் பணம் இல்லை. 1898ல் பாரதி காசிக்குப் போய், அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்விலும் தேறினார்.

அந்தக் காலத்தில் ஏழைப் பையனின் படிப்புக்கு இருந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, ஜமீன்தார் மனது வைக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில் சோறு போட வேண்டும். இரண்டுமே தயவு. "எனக்கு உரிமை இருக்கிறது, கொடு" என்று கேட்க இடமே கிடையாது.

தயவு உரிமையாக மாறிய வருடம்

இது மாறத் தொடங்கியது 1944ல். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேல்படிப்புக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். அதன் விளைவாக வந்ததுதான் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித் தொகை. ஆங்கிலத்தில் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்பார்கள். ஆரம்பத்தில் ஒதுக்கிய தொகை வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய்.

அதே 1944ல்தான் அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் "ஜி.ஐ. பில்" சட்டம் வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டிலும் இருந்த எண்ணம் ஒன்று. தகுதி இன்னது என்று விதியில் எழுதிவிட்டால், அந்தத் தகுதி உள்ளவர் யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

வேலையை விட முடியாதவர்கள்

கோவில்பட்டியில் கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966ல் வந்தது. அதே வருடம் மதுரைப் பல்கலைக்கழகமும் தொடங்கியது. ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. பகலில் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் பகல் கூலியை விட வேண்டும்.

இந்த வட்டாரம் மானாவாரி பூமி. கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய் எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை தப்பினால் அந்த வருடம் வெள்ளாமை இல்லை. அப்போது கை கொடுத்தது நூற்பாலைகளும் தீப்பெட்டித் தொழிலும். தீப்பெட்டித் தொழிற்சாலையை இந்தப் பக்கத்து ஜனங்கள் "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று எல்லாமே எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் காசு இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்த கதவுதான் அஞ்சல்வழிக் கல்வி. இந்தியாவில் 1962ல் டெல்லி பல்கலைக்கழகம் இதைத் தொடங்கி வைத்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் ஆரம்பித்தது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்த ஆரம்பித்ததும் அதே 1971தான். பிறகு அண்ணாமலை (1979), சென்னை (1981) பல்கலைக்கழகங்களும், 1985ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன.

"தபால்ல படிக்கிறான்", "கரஸ்ல பி.ஏ. பண்றா" என்பதெல்லாம் கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் சாதாரணமாகக் காதில் விழுந்த பேச்சு. பாடப் புத்தகம் தபாலில் வரும். சனி, ஞாயிறுகளில் தொடர்பு வகுப்பு. பரீட்சைக்கு மட்டும் லீவு போட்டால் போதும். பட்டம் இல்லாததால் பதவி உயர்வு தள்ளிப்போன ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கல்யாணத்துக்குப் பிறகு படிக்க நினைத்த பெண்கள் என்று பலரும் இந்த வழியில்தான் பட்டதாரி ஆனார்கள்.

பணம் யார் கொடுத்தது?

அஞ்சல்வழிக் கட்டணம் கல்லூரிச் செலவோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் அதை மொத்தமாகக் கட்ட வேண்டும். வங்கியில் டி.டி. எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். வாரக் கூலி வாங்கும் வீட்டில் மொத்தப் பணம் என்பது தோடோ சங்கிலியோ அடகுக் கடைக்குப் போவதுதான். பின்னால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்த பிறகு குழுக் கடனும் ஒரு வழியானது.

அரசு உதவி? இங்கேதான் கதையின் சிக்கல் இருக்கிறது.

1944ல் பிறந்த அந்தத் திட்டம் அஞ்சல்வழி மாணவரையும் மாணவராக மதித்தது. 2010ல் திருத்திய விதிகளின்படி, அஞ்சல்வழியில் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு, புத்தகத்துக்கு வருடம் 1,200 ரூபாயும் இருந்தது. மாதாமாதம் தரும் பராமரிப்புத் தொகை மட்டும் இல்லாமல் இருந்தது.

ஆனால் பிற்காலத்தில் வந்த பல திட்டங்கள் வேறு மாதிரி. 2008ல் மத்திய அரசு தொடங்கிய கல்லூரி மாணவர் உதவித் தொகை, வகுப்புக்குப் போய்ப் படிப்பவருக்கு மட்டுமே. அஞ்சல்வழி, தொலைநிலை மாணவர்களுக்கு இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 2009ல் வந்த கல்விக் கடன் வட்டி மானியம், தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் என்று வந்தது. தபாலில் பி.ஏ. தமிழ் படிப்பவர் அதற்குள் வரவில்லை. 2022 செப்டம்பர் 5ல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதிலும் தொலைநிலைக் கல்வி சேராது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் கல்வி உதவி, தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும்தான். தொழிலாளியே படிக்க நினைத்தால் அவருக்கு அதில் இடம் இல்லை.

கொஞ்சம் யோசித்தால் ஒரு விஷயம் புரியும். அஞ்சல்வழியில் படிப்பவர் பெரும்பாலும் யார்? பகல் கூலியை விட முடியாதவர். அதாவது பணக் கஷ்டம் இருப்பவர். அந்தக் கஷ்டமே அவரை அஞ்சல்வழிக்குத் தள்ளுகிறது. அஞ்சல்வழிக்குப் போனதாலேயே உதவி கைவிட்டுப் போகிறது.

மறுபக்க நியாயம்

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உதவித் தொகை என்பது வேலையை விட்டுப் படிப்பவரின் இழப்பை ஈடுகட்டத்தான். அஞ்சல்வழி மாணவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறதே என்பது ஒரு வாதம். வருகைப் பதிவு இல்லாத இடத்தில் பெயரை மட்டும் சேர்த்துப் பணம் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று.

இந்தப் பயம் அமெரிக்காவிலும் இருந்தது. போலிப் படிப்புகள் மாணவர் உதவிப் பணத்தை விழுங்கியதால், பாதிக்கு மேல் அஞ்சல்வழியில் பாடம் நடத்தும் கல்லூரிகளுக்கு அரசு உதவி கிடையாது என்று 1992ல் அங்கே விதி போட்டார்கள். இணையம் வளர்ந்த பிறகு, 2006ல் ஆன்லைன் படிப்புகளுக்கு அந்தத் தடையை நீக்கினார்கள். இங்கிலாந்தில் பகுதி நேர மாணவர்களுக்கும் கட்டணக் கடன் 2012 முதல் கிடைத்தது. மோசடியைத் தடுக்க நல்ல நிறுவனம் எது, போலி எது என்று பிரித்துப் பார்க்க முடியும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் எல்லோரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

பட்டம் கிடைத்தும் பலன் இல்லாதவர்கள்

பணம் மட்டுமல்ல, பட்டத்தின் மதிப்பும் ஒரு கேள்வியாக இருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் வேலைக்குப் போனவர்களும் நேராகப் பட்டம் படிக்கலாம் என்ற திறந்தநிலை முறையைச் சில பல்கலைக்கழகங்கள் நடத்தின. சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீஸ் போன தலைமுறைக்கு இது பெரிய ஆசையைக் காட்டியது. ஆனால் 2009 ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும். நகையை அடகு வைத்து வாங்கிய பட்டம் அரசு வேலை விண்ணப்பத்தில் எழுத உதவாமல் போனது.

இன்றைய நிலை

தபால்காரர் கொண்டு வந்த பாடக் கட்டு இப்போது செல்போனில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் ஆன்லைன் பட்டங்களுக்கு விதிமுறை வகுத்தது. 2020ல் தொலைநிலை, ஆன்லைன் இரண்டுக்கும் சேர்த்துப் புது விதிமுறை வந்தது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு அறிவித்தது.

ஆக, பட்டம் சமம் ஆகிவிட்டது. உதவி சமம் ஆகவில்லை. பட்டம் ஒன்றே என்றால், ஒருவருக்கு உதவியும் இன்னொருவருக்கு அடகுக் கடையும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் வர வேண்டும்.

அதுவரை ஆன்லைனில் சேர நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. முதலாவது, அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா? இரண்டாவது, பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை சரியாக இருக்கிறதா? மூன்றாவது, உதவித் தொகைத் திட்டத்தின் விதியில் "தொலைநிலை" பற்றி என்ன எழுதியிருக்கிறது? பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கட்டிய பிறகு பார்த்துப் பயன் இல்லை.

1897ல் எட்டயபுரத்துச் சிறுவன் ஜமீன்தாருக்குச் செய்யுளில் மனு எழுதினான். அவன் கேட்டதைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒரே ஒரு மனிதரின் விருப்பமாக இருந்தது. இன்று அதே கரிசல் காட்டில் ஷிப்ட் முடிந்து வந்து இரவில் செல்போனில் பாடம் பார்க்கும் பெண்ணுக்குச் செய்யுள் எழுதத் தெரிய வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் "படிக்கும் முறை" என்ற இடத்தில் "ஆன்லைன்" என்று அவள் எழுதும்போது, அந்த ஒரு சொல்லுக்காகவே விண்ணப்பம் தள்ளுபடி ஆகாமல் இருந்தால் போதும்.