கைக்கேற்ற ஆட்டம்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை வைத்துப் பெரும்பாலும் கையால் ஆடுவது. நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கெஜமாவது முன்னே கொண்டுபோக வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடலாம், எறிந்தும் அனுப்பலாம். எறிபவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும், இந்தக் கதையைப் படித்துவிடலாம்.

1968இல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பெங்கால்ஸ் என்ற அணி களமிறங்கியது. (நம் வங்கப்புலிதான் சின்னம்!) தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுன். அவருக்குக் கீழே உதவியாளர் பில் வால்ஷ். மறு வருஷம் கிரெக் குக் என்ற இளைஞர் சேர்ந்தார். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். நல்ல உயரம், பீரங்கி போன்ற கை. அந்தக் கைக்கேற்ப வால்ஷ் நெடுந்தூர எறிதல்களை வைத்தே ஆட்டத்தை அமைத்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி. மூன்றாவதில், கன்சாஸ் சிட்டிக்கு எதிராக, எறியும் தோளிலேயே அடிபட்டது. உள்ளே தசைநார் கிழிந்திருந்தது அன்றைய வைத்தியத்துக்குப் பிடிபடவில்லை. சில வாரம் ஓய்வெடுத்துவிட்டு வலியோடு மீண்டும் இறங்கினார். அப்படியும் அந்த வருஷம் ஓர் எறிதலுக்குச் சராசரி 9.4 கெஜம்! அடுத்த வருஷம் அவரால் ஆடவே முடியவில்லை.

அவர் இடத்துக்கு 1970இல் வந்தவர் வர்ஜில் கார்ட்டர். தொலைவுக்கு எறியும் வலு அந்தக் கையில் இல்லை. ஆனால் குறி தப்பாது, கால் வேகமானது, கணக்கில் கெட்டிக்காரர். மைதானத்தில் பந்து எந்த இடத்தில் இருந்தால் அது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டு, ஆட்டக்காரராக இருக்கும்போதே ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். கணக்கு வாத்தியாரான எனக்கு இவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

'குக் மாதிரி எறி' என்று வால்ஷ் இவரை வதைக்கவில்லை. திட்டத்தைத்தான் மாற்றினார். மைதானத்தின் நீளம் 100 கெஜம் என்றால், அகலமும் 53 கெஜத்துக்கு மேல் இருக்கிறதே! அந்த அகலத்தைப் பயன்படுத்தினார். குட்டிக் குட்டி எறிதல்கள். பந்தைப் பிடிப்பவர் மீதியை ஓடிக் கடக்கட்டும். குவார்ட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கினால் பிடிப்பவர் எங்கே திரும்ப வேண்டும், ஐந்து எட்டு என்றால் எங்கே என்று தாளம் போல் கணக்கு வைத்தார். எறிபவருக்குத் தோள் பலத்தைவிட நேரம் தவறாமைதான் தேவைப்பட்டது.

1970இல் முதல் ஏழு ஆட்டங்களில் ஒரே வெற்றி. கடைசி ஏழும் வெற்றி. பிரிவில் முதலிடம்! 1971இல் கார்ட்டரின் எறிதல்களில் நூற்றுக்கு 62 கைசேர்ந்தன. லீக்கிலேயே அந்த ஆண்டு அதுதான் அதிகம்.

பிறகு கென் ஆண்டர்சனையும் வால்ஷ் அதே முறையில் வளர்த்தார். ஆனால் பிரவுன் ஓய்வுபெற்றபோது தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. மனம் நொந்து வெளியேறிய வால்ஷ், 1979இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்ற அணி அது. அந்த ஆண்டுத் தேர்வில் 82ஆவது ஆளாக ஜோ மொன்டானாவை எடுத்தார்கள். அவர் கை வலுவையும் சந்தேகித்தவர்கள் உண்டு. 1982 ஜனவரியில் சூப்பர் பவுல். எதிரணி பெங்கால்ஸ், குவார்ட்டர்பேக் ஆண்டர்சன்! வால்ஷ் 26–21 என்று வென்றார்.

இந்த ஆட்டமுறைக்குப் பின்னாளில் 'வெஸ்ட் கோஸ்ட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது பிறந்த ஒஹையோவிலோ கடலே கிடையாது.

குக் 1973இல் ஒரே ஓர் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார், அதுவும் கன்சாஸ் சிட்டி அணிக்காக. வாழ்நாளில் அவர் ஆடிய தொழில்முறை ஆட்டங்கள் மொத்தம் 12. 2012இல் காலமானார்.