பதக்கத்துக்கு முந்தைய வரலாறு: எஸ்தோனியப் பெண்களின் ஃபிகர் ஸ்கேட்டிங்

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ பதின்மூன்று லட்சம் மக்கள் மட்டுமே வாழும் எஸ்தோனியா, தன் தலைநகரான தாலினில் 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 2 வரை நடந்த ஐரோப்பிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில், பெண்கள் ஒற்றையர் பிரிவின் தங்கப்பதக்கத்தை முதன்முறையாக வென்றது. கூரிய எஃகுத் தகடு பொருத்திய காலணியுடன் உறைபனித் தளத்தில் வழுக்கிச் சென்று, இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் ஆடும் இந்த விளையாட்டில், தனியொரு பெண்ணாகத் தளத்தில் இறங்குபவர்களுக்குரிய பிரிவே பெண்கள் ஒற்றையர். அன்று வென்ற நீனா பெட்ரோகினாவுக்கு வயது இருபது. ஆனால் அந்த வெற்றியின் வரலாறு அவருடைய வயதைவிட நீண்டது; பதக்கப் பட்டியல்களில் இடம்பெறாத பல முயற்சிகளால் ஆனது.

ஐரோப்பியப் போட்டி 1891-இல் ஹாம்பர்க் நகரில் ஆண்களுக்கென்று தொடங்கியது. பெண்களுக்கான பிரிவு 1930-இல் வியன்னாவில்தான் சேர்க்கப்பட்டது; அதில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸி புர்கர் வென்றார். 1918-இல் விடுதலையை அறிவித்திருந்த எஸ்தோனியா, அந்நாளில் இவ்விளையாட்டின் ஓரத்திலேயே நின்றது. ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் 1936-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஹெலேன் மிஷெல்சன், எடுவார்ட் ஹீயோப்புடன் இணையர் பிரிவில் ஆடினார். நான்கு ஆண்டுகளில் நாட்டைச் சோவியத் ஒன்றியம் தன்னுடன் இணைத்துக்கொண்டதால், எஸ்தோனியா என்ற பெயரில் ஒலிம்பிக்கில் நுழைய 1992 வரை யாருக்கும் வாய்ப்பில்லாமல் போனது.

சோவியத் காலத்தில் ஒன்றியம் முழுமைக்கும் ஒரே அணிதான் இருந்தது. ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் மூன்று பேரையே அனுப்ப முடியும் என்பதால், மாஸ்கோ, லெனின்கிராடு போன்ற பெருநகரங்களின் பள்ளிகளில் பயின்றவர்களைத் தாண்டி ஒரு தாலின் பெண் அந்த இடத்தை எட்டுவது மிக அரிது. எனினும் அக்காலம் தாலினுக்கு இரண்டு வளங்களை விட்டுச் சென்றது. ஒன்று கட்டடம்: 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினில் நடந்தபோது, கட்டடக் கலைஞர் ரைனே கார்ப்பின் வடிவமைப்பில் எழுந்த லின்னஹால் என்னும் மாபெரும் அரங்கில், இசை மண்டபத்தோடு ஒரு பனித்தளமும் அமைந்தது. மற்றொன்று ஆள்: அன்னா கோந்திரஷோவா. மாஸ்கோவில் பிறந்த இவர், 1984-இல் ஒட்டாவாவில் நடந்த உலகப் போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் காத்தரினா விட்டுக்கு அடுத்தபடியாக வெள்ளி வென்றவர். ஐரோப்பியப் போட்டிகளில் நான்கு முறை வெண்கலம் பெற்றவர். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கோட்டமும் பனித்தாவலும் இணைந்த நார்டிக் பிரிவில் வெண்கலம் வென்ற எஸ்தோனியரான அல்லார் லெவாண்டியை மணந்து, அன்னா லெவாண்டி என்ற பெயருடன் தாலினில் குடியேறிப் பயிற்சியாளரானார்.

அவர் போட்டியிட்ட காலத்து விளையாட்டும் அவர் கற்பிக்கத் தொடங்கிய காலத்து விளையாட்டும் ஒன்றல்ல. முன்பு, பனியின்மேல் வட்டங்களையும் வளைவுகளையும் தகட்டின் விளிம்பால் பிசிறில்லாமல் வரைந்து காட்டும் கட்டாய வரைவுகள் என்ற பகுதி இருந்தது. அதற்காக ஒவ்வொருவருக்கும் சுத்தமான பனிப்பரப்பும் நீண்ட நேரமும் தேவைப்பட்டன. 1990-க்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து அது நீக்கப்பட்டது. பனித்தளங்கள் அரிதாக இருந்த ஒரு சிறு நாட்டுக்கு இம்மாற்றம் பெரிய சுமையை இறக்கிவைத்தது எனலாம்.

விடுதலை பெற்ற நாட்டின் பெண்கள் பிரிவைத் தொடர்ந்து தோளில் தாங்கியவர் எலேனா கிளெபோவா. எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1989-இல் தாலினில் பிறந்த இவர், அன்னா லெவாண்டியிடம் பயின்று பலமுறை தேசியப் பட்டம் வென்றார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும் 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் ஆடினார். அவருடைய இடத்தைச் சரியாக மதிப்பிட, இவ்விளையாட்டின் இட ஒதுக்கீட்டு விதியை அறிந்திருக்க வேண்டும். உலகப் போட்டிக்கும் ஐரோப்பியப் போட்டிக்கும் ஒவ்வொரு நாடும் ஒரு பிரிவில் ஒருவரையே அனுப்பலாம். முந்தைய ஆண்டில் அந்த ஒருவர் முதல் பத்து இடங்களுக்குள் வந்திருந்தால் இருவரையும், முதல் இரண்டு இடங்களுக்குள் வந்திருந்தால் மூவரையும் அனுப்பலாம். ஒலிம்பிக்குக்கான இடமும் முந்தைய ஆண்டின் உலகப் போட்டியிலோ, எஞ்சிய சில இடங்களுக்கான தகுதிப் போட்டியிலோ வென்றெடுக்க வேண்டியது. போட்டிக்குள் நுழைந்த பின்னும், குறுகிய ஆட்டம் எனப்படும் முதற்சுற்றில் முதல் 24 இடங்களுக்குள் வருபவர்களுக்கே நீண்ட ஆட்டம் ஆடும் வாய்ப்புக் கிடைக்கும். ஆகவே பெரிய நாட்டின் வீராங்கனை பதக்கத்தை எண்ணி ஆடும் அதே தளத்தில், சிறு நாட்டின் ஒரே வீராங்கனை தன் நாட்டுக்கான வாசல் அடைபடாமல் காக்கவும் ஆடுகிறார். கிளெபோவாவின் நீண்ட போட்டி வாழ்க்கை இத்தகைய காவலே ஆகும்.

அவர் வளர்ந்த காலத்திலேயே மதிப்பெண் முறையும் மாறியது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடுவர்களின் முறைகேடு வெளிப்பட்டதையடுத்து, ஆறு மதிப்பெண்ணை உச்சமாகக் கொண்டு ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்ட பழைய முறையைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2004-இல் கைவிட்டது. புதிய முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு; அது நிறைவேறிய தரத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடப்படும்; ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் சேரும். புகழ்பெற்ற பள்ளியின் பெயர் இல்லாத ஒருவரும் தன் முன்னேற்றத்தை எண்களில் காணவும், எந்தத் தாவலில் எவ்வளவு இழந்தோம் என்று அறிந்து திருத்தவும் இம்முறை வழி செய்தது.

இதனிடையே தாலின், போட்டி நடத்தும் நகரமாகவும் வளர்ந்தது. 2010-இல் சாக்கு சூர்ஹால் அரங்கில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர் வென்றார். சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த லஸ்னமே பகுதியில் 2014-இல் தொண்டிரபா பனியரங்கம் திறக்கப்பட்டபின், 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் இளையோர் உலகப் போட்டிகள் தாலினுக்கு வந்தன. பெருந்தொற்றால் பல நகரங்கள் பின்வாங்கிய 2022 ஜனவரியில், அங்கே ஐரோப்பியப் போட்டி முடிந்த மறு வாரமே, சீனாவின் தியான்ஜினில் நடக்கவேண்டியிருந்த, ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான நான்கு கண்டங்கள் போட்டியையும் அதே அரங்கம் ஏற்றுக்கொண்டது. உலகின் முதல்நிலை வீராங்கனைகள் தங்கள் ஊரிலேயே பயிற்சி செய்வதை ஒரு தலைமுறைச் சிறுமிகள் பார்த்து வளர்ந்தனர்.

அன்னா லெவாண்டியிடம் பயின்ற அடுத்த தலைமுறையின் எவா-லோட்டா கீபஸ், 2020-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் முதல் பத்து இடங்களுக்குள் வந்து, விதிப்படி நாட்டுக்கு இரண்டாவது இடத்தைப் பெற்றுத்தந்தார்; 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அதே நகரில் ஸ்வெத்லானா வர்னாவ்ஸ்கயாவிடம் பயின்றவர், 2004-இல் பிறந்த பெட்ரோகினா. ஒரு சிறிய தலைநகரில் இரண்டு பயிற்சிக் குழுக்கள் ஐரோப்பியத் தரத்தில் வீராங்கனைகளை உருவாக்கியபோது, தேசியப் போட்டி என்பது ஒருவர் எளிதில் வெல்லும் சடங்காக இல்லாமல் உண்மையான களமாயிற்று.

பெட்ரோகினாவின் வெற்றிக்குப் புறச்சூழலும் துணை நின்றது என்பதை மறைக்கத் தேவையில்லை. உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து 2022 மார்ச் முதல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். அவ்வாண்டின் ஐரோப்பியப் போட்டியில் பெண்கள் பிரிவின் முதல் இரண்டு இடங்களிலும் ரஷ்யர்களே வந்திருந்தனர். மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதும் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்தப்பட்டது. ஆயினும் திறந்த வாசல் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகவே திறந்திருந்தது. 2025-இல் பெட்ரோகினா குறுகிய ஆட்டத்தில் 68.94, நீண்ட ஆட்டத்தில் 139.24 என மொத்தம் 208.18 மதிப்பெண் பெற்று, 2023-இன் ஐரோப்பியச் சாம்பியனான ஜார்ஜியாவின் அனஸ்தாசியா குபனோவாவையும் பெல்ஜியத்தின் நீனா பின்சரோனையும் முந்தினார். முந்தைய ஆண்டு கவுனாஸில் அலெக்சாந்தர் செலெவ்கோ ஆண்கள் பிரிவில் வென்ற வெள்ளியே எஸ்தோனியாவின் முதல் ஐரோப்பியப் பதக்கம். முதல் தங்கம் ஒரு பெண்ணுடையதாயிற்று.

பதக்கங்களை மட்டும் குறித்துவைக்கும் வரலாறு, எஸ்தோனியப் பெண்களின் ஸ்கேட்டிங் 2025-இல் தொடங்கியதாகவே சொல்லும். ஆனால் நாட்டுக்குக் கிடைத்த ஒற்றை இடத்தைக் கைவிடாமல் காத்த கிளெபோவாவும், அதை இரண்டாக்கிய கீபஸும், வேறொரு நாட்டில் பிறந்து தாலினின் குழந்தைகளுக்குத் தன் கலையைக் கையளித்த லெவாண்டியும், அரங்கம் கட்டிப் போட்டிகளை வரவழைத்த நகரமும் அந்தத் தங்கத்தின் பங்காளிகளே. சிறு நாடுகளின் விளையாட்டை எழுதுபவர்கள் பதக்கமில்லாத இருபதாம் இடங்களையும் சாதனைக் கணக்கில் சேர்த்து எழுதும்போதுதான், ஒரு முதலிடம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.