ஒரு தந்தை வழிவந்த உழவுக் குதிரைகள்

ஏரிற் பூட்டுதற்கு எருது என்பது தமிழர் வழக்கு. இங்கிலாந்து நாட்டிலோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நிலத்தை உழுத பெருமை பெரும்பாலும் குதிரைக்கே உரியதாக இருந்தது. போர்க்களத்திற் பாயும் புரவியையும் பந்தயத்தில் ஓடும் பரியையும் நாம் நன்கறிவோம். ஏர் இழுத்து, வண்டி இழுத்து, உழவனோடு நாள் முழுதும் உழைத்த பெருங்குதிரையை நாம் அத்துணை அறிந்திலோம். அத்தகைய குதிரை இனங்களுள் ஒன்று சஃபோக் பஞ்ச் என்பது. அவ்வினம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு அழிவின் விளிம்பிற்குச் சென்றது, இன்று அதனைக் காக்க முயல்வோர் எதிர்கொள்ளும் இடர் யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

நிலமும் குதிரையும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில் அமைந்தது சஃபோக் மாவட்டம். அங்குள்ள வயல்களிற் பல கடினமான களிமண் நிலங்கள். அம்மண்ணை உழுதற்கு வலிமை வேண்டும். அதனினும் மேலாகப் பொறுமை வேண்டும். அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குதிரை, குட்டையான கால்களும் உருண்டு திரண்ட உடலும் உடையது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. ஷயர், கிளைட்ஸ்டேல் முதலிய பிற பெருங்குதிரைகளுக்குக் குளம்பின்மேல் அடர்ந்த மயிர் தொங்கும். சஃபோக் குதிரைக்கு அஃது இல்லை. களிமண் ஒட்டிக்கொள்ளும் நிலத்தில் மயிரற்ற காலே உழவனுக்கு உகந்தது.

இக்குதிரையின் நிறம் ஒன்றே, செம்பழுப்பு. அந்நிறத்தில் ஏழு சாயல்கள் உண்டு எனக் குதிரையாளர் வகுத்துரைப்பர். அந்நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதும்பொழுது, ஏனையோர் எழுதும் ஓர் எழுத்தை நடுவே விட்டுவிட்டுப் பழைய முறையிலேயே எழுதுவது சஃபோக் குதிரையாளரின் மரபு. மொழியாசிரியர்க்கு இஃது ஒரு சுவையான செய்தி.

ஓர் ஊரின் பொலிகுதிரை

இன்று உலகில் உள்ள சஃபோக் குதிரைகள் யாவும், ஆண்வழியில் ஏறிச் சென்றால், ஒரே ஒரு பொலிகுதிரையிடம் போய் முடிகின்றன. அது 1768ஆம் ஆண்டிற் பிறந்தது. உட்பிரிட்ஜ் நகருக்கு அண்மையில் உள்ள உஃபோர்ட் என்னும் சிற்றூரைச் சார்ந்த கிறிஸ்ப் என்பவருக்கு உரியது. ‘உஃபோர்ட் ஊர்க் கிறிஸ்ப்பின் குதிரை’ என்பதே வரலாற்றில் அதற்கு வழங்கும் பெயர்.

அக்காலத்தில் பொலிகுதிரையை ஊர் ஊராக நடத்திச் செல்வது வழக்கம். இன்ன நாளில் இன்ன ஊரில் நிற்கும் என முன்னரே அறிவிப்பர். உழவர் தம் பெட்டைக் குதிரைகளை அங்குக் கொண்டுவருவர். இவ்வாறு ஒரு குதிரையின் குருதி ஒரு வட்டாரம் முழுவதும் பரவும். கிறிஸ்ப்பின் குதிரை அன்று ஒன்றே ஒன்றாக இருந்தது என எண்ணுதல் தவறு. அதே காலத்தில் வேறு பொலிகுதிரைகளும் சஃபோக்கில் இருந்தன. வெளியூர்களிலிருந்தும் சில கொண்டுவரப்பட்டன. ஆயினும் அவற்றின் ஆண்வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அற்றுப்போயின. எஞ்சியது ஒரு வழி மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஆண்வழி ஒன்று என்பதனால் குருதி முழுதும் ஒன்றே என்று முடிவு செய்தல் ஆகாது. அற்றுப்போன ஆண்வழிகளிற் பிறந்த பெட்டைகள் வாயிலாக வேறு குதிரைகளின் பங்கும் இவ்வினத்தில் கலந்தே உள்ளது. ஆயினும், வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு ஒன்று மட்டும் திறந்திருந்த வீட்டைப் போன்றது இவ்வினத்தின் வரலாறு.

அக்காலத்து அறிவும் இந்நிலைக்குத் துணை செய்தது. லெஸ்டர் மாவட்டத்து டிஷ்லி என்னும் ஊரில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் (1725-1795), ஆடு மாடுகளையும் வண்டிக் குதிரைகளையும் புதுமுறையில் வளர்த்துப் புகழ்பெற்றவர். சிறந்ததைச் சிறந்ததோடு சேர்க்க வேண்டும். அவை நெருங்கிய உறவாயினும் சேர்க்கலாம் என்பது அவர் கண்ட முறை. விரும்பிய பண்பு விரைவில் நிலைபெறுவதற்கு அதனினும் விரைவான வழி அன்று இல்லை. கால்நடை வளர்ப்போர் பலர் அம்முறையைப் பின்பற்றினர். அதனால் விளைந்த நன்மை உடனே கண்ணுக்குத் தெரிந்தது. தீமையோ மெல்ல வருவது.

பதிவேடு பிறந்த வரலாறு

1877ஆம் ஆண்டில் சஃபோக் குதிரைச் சங்கம் தோன்றியது. பிளேஃபோர்ட் ஊரைச் சேர்ந்த ஹெர்மன் பிடல் என்னும் உழவர் பழங்குறிப்புகளையும் முதியோர் நினைவுகளையும் திரட்டி, 1880ஆம் ஆண்டில் இவ்வினத்தின் முதற் குலப்பதிவேட்டை வெளியிட்டார். குதிரை ஒவ்வொன்றுக்கும் பெயர், தந்தை, தாய், உரியவர் என வரிசையாகக் குறிக்கும் நூல் அது. கிறிஸ்ப்பின் குதிரை வரையில் ஆண்வழியைத் தேடிக் கண்டவரும் அவரே.

பதிவேடு இருமுனை வாள் போன்றது. குதிரையின் தூய்மைக்கு அது சான்று தந்தது. கலப்புக் குதிரையைச் சஃபோக் என விற்பதைத் தடுத்தது. உழவர்க்கு நல்ல விலையும் கிடைத்தது. அதே வேளையில், பெற்றோர் இருவரும் ஏட்டில் இருந்தாலன்றிக் குட்டிக்கு இடமில்லை என்ற விதி, புதுக் குருதி புகும் வாயிலையும் அடைத்துவிட்டது. குதிரைகள் ஆயிரக்கணக்கில் இருந்தவரையில் அதன் தீங்கு தோன்றவில்லை.

ஒன்பது குட்டிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உழவு இயந்திரம் சஃபோக் வயல்களிற் பரவியது. குதிரைக்கு வேலையில்லை. வேலையில்லாக் குதிரைக்குத் தீனி போட உழவனால் இயலவில்லை. தலைமுறைகளாகப் பேணிய குதிரைகள் இறைச்சிக்கு விற்கப்பட்டன. 1966ஆம் ஆண்டில் சங்கத்தின் ஏட்டிற் பதிவான குட்டிகள் 9 மட்டுமே. குதிரையோடு வாழ்ந்த முதிய உழவர்களின் நினைவுகளைத் திரட்டி ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் ஒரு நூல் வெளியிட்டது அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்னர், 1960இல். பழைய வாழ்வு மறையுமுன் அதனை எழுதி வைத்தார் அவர். குதிரையைக் காத்தவர் வேறு சிலர்.

அவர்களுள் எதிர்பாராத ஓர் இடமும் உண்டு. கடலோர ஊராகிய ஹாலஸ்லியில், குற்றம் புரிந்த இளைஞர்களைத் திருத்தும் அரசாங்க நிலையம் ஒன்று 1938 முதல் நடைபெற்றது. அதன் பண்ணையில் சஃபோக் குதிரைகள் வளர்க்கப்பட்டன. தண்டனை பெற்ற இளைஞர் அவற்றைப் பேணக் கற்றனர். வணிகக் கணக்குப் பார்த்த பண்ணைகள் கைவிட்ட காலத்தில், சிறைப் பண்ணை இக்குலத்தைக் கைவிடவில்லை. பின்னாளில் அப்பண்ணையையும் மூட அரசாங்கம் கருதியபொழுது, பொதுமக்கள் நன்கொடையால் ஓர் அறநிலையம் அமைந்து, 2006ஆம் ஆண்டில் அக்குதிரைகளை ஏற்றுக்கொண்டது. 1973இல் தோன்றிய அருகிய கால்நடை இனக் காப்பு அறநிலையமும் துணைநின்றது. 1998ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் ஈனும் பெட்டைகள் 80 இருந்தன. ஆண்டிற்கு ஏறத்தாழ 40 குட்டிகள் பிறந்தன.

நெருங்கிய உறவின் தீங்கு

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஒவ்வொரு மரபணுவும் இரட்டையாகவே உயிரில் அமைகின்றது. தீய மரபணு ஒன்று, நல்ல துணையோடு இருக்கும்வரையில் பெரும்பாலும் ஒளிந்தே கிடக்கும். பெற்றோர் இருவரும் ஒரே மூதாதையின் வழியினராயின், அதே தீய மரபணு இருபுறமும் வந்து கூடும் வாய்ப்பு மிகுகின்றது. அப்பொழுதே நோய் வெளிப்படும்.

சஃபோக் குதிரையின் நிறமே இம்முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. செம்பழுப்பு ஒளிந்து நிற்கும் தன்மையுடைய நிறம். இருபுறமும் அதன் மரபணு வந்தாலன்றி அது தோன்றாது. ஆதலின் செம்பழுப்புப் பெற்றோர் இருவர்க்குச் செம்பழுப்புக் குட்டியே பிறக்கும். நிறம் நிலைத்த அதே முறையில்தான் நோயும் நிலைக்கின்றது. பெல்ஜிய நாட்டு உழவுக் குதிரைகளில் தோல் உரிந்து குளம்பு கழன்று பிறந்த சில நாட்களிலேயே குட்டியை மாய்க்கும் நோய் ஒன்று உண்டு. அக்குட்டியின் பெற்றோர் இருவரும் பார்வைக்கு நலமுடையனவாகவே இருக்கும்.

இவ்வுறவினை எண்ணால் அளக்கும் முறையை 1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சூவல் ரைட் வகுத்தார். முன்னைய உறவு வேறு இல்லாவிடில், தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியின் அளவு நான்கில் ஒன்று. தந்தை மட்டும் ஒன்றாகிய உடன்பிறப்புகளுக்குப் பிறப்பதன் அளவு எட்டில் ஒன்று. இக்கணக்கினைப் போடக் குலப்பதிவேடு வேண்டும். வாயிலை அடைத்த அந்த ஏடே, அடைத்ததன் விளைவை அளக்கும் கருவியாகவும் அமைந்தது நோக்கத்தக்கது.

எண்ணிக்கையா? தந்தையரா?

ஓர் இனத்தில் எத்தனை குதிரைகள் உள்ளன என்று மட்டும் எண்ணுதல் போதாது. தந்தையர் எத்தனை என்று கேட்க வேண்டும். ரைட் தந்த மற்றொரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பொலிகுதிரைகளின் தொகையையும் பெட்டைகளின் தொகையையும் பெருக்கி, அதனை மீண்டும் 4ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருவது அவ்வினத்தின் பயனுறு தொகை.

80 பெட்டைகளுக்கு 4 பொலிகுதிரைகளே இருப்பின், கண்ணுக்குத் தெரிவன 84. பயனுறு தொகையோ ஏறத்தாழ 15. அதே 80 பெட்டைகளுக்கு 20 பொலிகுதிரைகளைப் பயன்படுத்தினால் அத்தொகை 64 ஆகின்றது. முன்னதில் உறவு நெருக்கம் தலைமுறைக்கு நூற்றுக்கு 3.3 வீதம் ஏறும். பின்னதில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகவே ஏறும். பயனுறு தொகை 50க்குக் குறைதல் ஆகாது என்பது கால்நடைக் காப்பில் வல்லோர் கொள்ளும் அளவுகோல்.

இதிலிருந்து தெளிவாகும் உண்மை யாது? கண்காட்சியிற் பரிசு பெற்ற அழகிய பொலிகுதிரை ஒன்றையே எல்லாரும் நாடுவது சிற்றினத்திற்குப் பெருந்தீங்கு. அதன் மக்கள் பெருகப் பெருக, அடுத்த தலைமுறையில் உறவற்ற துணை கிடைப்பது அரிதாகும். பரிசு பெறாத குதிரையின் வழி அழிந்துவிடும். குதிரை வளர்ப்போன் ஒவ்வொருவனும் தனக்கு நல்லதையே தேடுகின்றான். எல்லாரும் அவ்வாறே தேடுவதால் இனம் மெலிகின்றது.

யார்க்ஷயர் பகுதியின் கிளீவ்லாந்து பே என்னும் வண்டிக் குதிரை இவ்வகையில் ஒரு படிப்பினை தருகின்றது. 1962ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் அவ்வினத்துத் தூய பொலிகுதிரைகள் 4 மட்டுமே எஞ்சின. அமெரிக்காவுக்கு விற்கப்படவிருந்த ஒன்றை எலிசபெத் அரசியார் வாங்கி, நாட்டிலுள்ள பெட்டைகளுக்குப் பயன்பட வைத்தார். 15 ஆண்டுகளில் பொலிகுதிரைகள் 36 ஆயின. இனம் பிழைத்தது. எனினும் தொகை பெருகிய பின்னரும் உறவு நெருக்கம் நீங்காது. ஆதலால் அவ்வினத்தார், ஒவ்வொரு குதிரையும் ஏனையவற்றோடு எவ்வளவு உறவுடையது எனக் கணிப்பொறியால் அளந்து, உறவு குறைந்தவற்றிற்கு முதலிடம் தரும் முறையை மேற்கொண்டனர். விலங்குக் காட்சிசாலைகள் அரிய விலங்குகளுக்குக் கையாளும் முறை அது.

காக்கும் வழிகள்

சிற்றினத்தைக் காக்க விரும்புவோர் கைக்கொள்ளும் வழிகள் சில. இயன்றவரை பல பொலிகுதிரைகளைப் பயன்படுத்தி, ஒன்றே மிகுதியாகக் குட்டிகளைத் தராதவாறு வரம்பு கட்டுதல் முதலாவது. தந்தைக்குப் பின் ஒரு மகனும் தாய்க்குப் பின் ஒரு மகளும் இருக்குமாறு குடும்பங்களைச் சமமாகப் பேணுதல் இரண்டாவது. பொலிகுதிரைகளின் விந்தினை உறைநிலையிற் சேமித்தல் மூன்றாவது. மறைந்த குதிரையும் பல ஆண்டுகட்குப் பின் தந்தையாதல் இதனால் கூடும். பெட்டைக் குட்டியே பிறக்குமாறு விந்தினைப் பிரித்தெடுக்கும் முறையால் 2020ஆம் ஆண்டில் ஒரு சஃபோக் பெட்டைக் குட்டி இங்கிலாந்திற் பிறந்தது. ஈனும் பெட்டைகள் குறைந்த இனத்திற்கு இது பேருதவி.

நோய் மரபணுவைத் தாங்கிய குதிரைகளை ஒரேயடியாக நீக்குவதும் தவறாகும். நோயோடு நூறு நல்ல பண்புகளும் உடன் நீங்கிவிடும். அத்தகையதை நோய் மரபணு இல்லாததோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளைச் சோதித்து, நல்லனவற்றைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

இறுதி வழி, வேற்றினக் குருதியைச் சிறிது ஏற்றல். அமெரிக்கச் சங்கத்தார் 1970களிலும் 1980களிலும் பெல்ஜியக் குதிரையோடு கலக்க இடந்தந்தனர். கலப்பிற் பிறந்த பெட்டைகளை மட்டுமே ஏட்டில் ஏற்றனர். பிரிட்டிஷ் சங்கத்தார் அவற்றை ஏற்கவில்லை. தூய்மை போயின் காப்பது எதனை என்பது ஒரு சாரார் வினா; உயிரே போயின் தூய்மை எதற்கு என்பது மறுசாரார் வினா. இரண்டும் புறந்தள்ளத்தக்கன அல்ல. உள்ளிருக்கும் வளத்தை முற்றும் பயன்படுத்திய பின்னரே வெளிவாயிலைத் திறத்தல் முறை எனலாம்.

இச்சிக்கல் குதிரைக்கு மட்டும் உரியதன்று. சஃபோக் சங்கம் தோன்றிய அதே 1877ஆம் ஆண்டில்தான் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாத் தோட்டங்களில் ஓங்கிய மரங்களிற் பெரும்பாலானவை அச்சிறு தொகுதியின் வழியினவாகவே கருதப்படுகின்றன. அவ்வடித்தளம் குறுகியது என உணர்ந்த அனைத்துலக ஆய்வாளர், 1981ஆம் ஆண்டில் அமேசான் காடுகளுக்குச் சென்று புதிய விதைகளைத் திரட்டினர். இரப்பருக்குத் திரும்பிச் செல்ல ஒரு காடு இருந்தது. சஃபோக் குதிரைக்கு அத்தகைய காடு இல்லை; மிஞ்சியிருக்கும் சில தொழுவங்களே உண்டு.

ஆதலின் இன்று அப்பதிவேட்டைத் திறப்போர், குதிரையின் பெருமையைக் காண மட்டும் திறப்பதில்லை. இரு பெயர்களுக்கு இடையே உறவு எவ்வளவு தொலைவில் உள்ளது எனத் தேடுகின்றனர். முன்னோர் சிறந்ததைத் தேடினர். இவர்கள் வேறானதையும் தேடுகின்றனர். ஒன்பது குட்டிகளின் எல்லையிலிருந்து மீண்டு வந்த குலத்திற்கு, அவ்வேறுபாடே எஞ்சியிருக்கும் செல்வம்.