திருகோணமலையில் ஒரு மனித உரிமைகள் உபகுழு: பாரபட்சத்தை முன்கூட்டியே தடுக்கும் சட்டவழி

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஆணைக்குழுவுக்கு அதிகம் பேசப்படாத ஓர் அதிகாரத்தை வழங்குகிறது. தேவையெனக் கருதும் எண்ணிக்கையில் மாகாண மட்ட உபகுழுக்களை நியமித்துத் தனது அதிகாரங்களை அவற்றிடம் ஒப்படைக்கலாம் என்பதே அது. கிழக்கு மாகாணத்தின் தலைநகரான திருகோணமலையில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இயங்குகிறது. ஆனால் அலுவலகம் வேறு, ஆணைக்குழு வேறு. முறைப்பாட்டைப் பெற்று விசாரிக்கும் பணியாளர் இருப்பதும், உள்ளூரை அறிந்து தீர்மானம் எடுக்கும் சுயாதீன உறுப்பினர் இருப்பதும் ஒன்றல்ல. பாரபட்சம் நடந்து முடிந்தபின் ஆராய்வதற்கு மாறாக, அது நிகழுமுன் தடுக்க வேண்டுமாயின் 11ஆம் பிரிவின்படி திருகோணமலையில் ஓர் உபகுழு அமைக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிறுவன வரலாறு

பாரபட்சத்தைத் தடுக்கவெனத் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கும் எண்ணம் இலங்கைக்குப் புதியதல்ல. 1986இல் பாரபட்சத்தை ஒழிப்பதற்கும் மனித உரிமைகளைக் கண்காணிப்பதற்குமான ஆணைக்குழு ஒன்று உருவாக்கப்பட்டது. 1991இல், தடுப்புக்காவலில் இருந்தோரின் பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு மனித உரிமைகள் செயலணி ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு பணிகளையும் ஐந்து உறுப்பினர் கொண்ட ஒரே நிலையான ஆணைக்குழுவிடம் சேர்த்தது. உறுப்பினரைத் தெரிவு செய்கையில் சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும் என அச்சட்டமே கூறுகிறது.

நியமன முறையோ அரசியல் காற்றுக்கேற்ப மாறி வந்தது. 2001இல் 17ஆம் திருத்தம் நியமனத்தை அரசியலமைப்புப் பேரவையின் விதந்துரைக்கு உட்படுத்தியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை நீக்கியது. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் தளர்த்தியது. 2022இல் 21ஆம் திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. தேசிய மனித உரிமை நிறுவனங்களைத் தரப்படுத்தும் சர்வதேச அமைப்பு 2007இல் இலங்கை ஆணைக்குழுவை ‘ஏ’ தரத்திலிருந்து ‘பி’ தரத்துக்கு இறக்கியது. 2018இல் ‘ஏ’ தரம் மீளக் கிடைத்தது. கொழும்பிலுள்ள ஐந்து ஆசனங்களின் சுயாதீனம் ஆடும்போது மாவட்டங்களின் பாதுகாப்பும் சேர்ந்தே ஆடுகிறது.

மாவட்டத்தின் தன்மை

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 379,541. இதில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதம், சிங்களவர் 27 வீதம். எந்தச் சமூகமும் மாவட்டத்தில் அறுதிப் பெரும்பான்மையல்ல. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் பலவற்றிலோ ஏதாவது ஒரு சமூகமே பெரும்பான்மையாக உள்ளது. கிண்ணியாவில் முஸ்லிம்கள், வெருகலில் தமிழர், கோமரங்கடவலயில் சிங்களவர் என இது அமைகிறது. ஆகவே ஒரு பிரிவில் பெரும்பான்மையாக இருப்பவர் அடுத்த பிரிவில் சிறுபான்மையாகிறார். மூதூர், வெருகல் கரைகளில் வாழும் வேடர் சமூகத்தினரும், சாதியால் ஒதுக்கப்பட்டோரும், மாற்றுத்திறனாளிகளும் இந்த மூவினக் கணக்குக்குள் பெரும்பாலும் தென்படுவதில்லை.

துறைமுகம் இந்தப் பன்மையை ஒரே வேலைத்தளத்துக்கும் ஒரே வரிசைக்கும் கொண்டுவருகிறது. துறைமுக அதிகாரசபை, கடற்படையின் கிழக்குக் கட்டளையகம், எண்ணெய்த் தாங்கிகள், மாவு ஆலை, சீமெந்து ஆலை, கொட்பே மீன்பிடித் துறைமுகம், உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் எனத் தொழில் வழங்குவோரில் அரசும் தனியாரும் கலந்துள்ளனர். ஆட்சேர்ப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் நியமனம், கடற்கரையில் வாடி அமைக்கும் உரிமை, வாடகை வீடு ஆகிய ஒவ்வொன்றும் பாரபட்சம் நுழையக்கூடிய வாசல்.

காணியும் அவ்வாறே. 2006இல் போரினால் மாவட்டத்தின் சம்பூர் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 2012இல் அதன் ஒரு பகுதி முதலீட்டுக்கான கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அவ்வறிவித்தல் இரத்தானபின்னரே பெரும்பாலானோர் வீடு திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட ஏறத்தாழ பத்தாண்டுகளும் அவர்களுக்கு முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழிந்தன. ஒவ்வொரு வர்த்தமானி அறிவித்தலின்போதும் அதனால் எந்தச் சமூகத்துக்கு என்ன விளையும் எனக் கேட்கும் அதிகாரமுள்ள உள்ளூர் அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

ஒரு பாடசாலைப் பிணக்கு காட்டுவது

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது தொடர்பாகப் பிணக்கு எழுந்தது. பாடசாலை வாயிலில் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்குத் தற்காலிகமாக இடமாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து ஆசிரியைகளின் உரிமைக்குச் சார்பாக விதந்துரைத்தது. ஆயினும் 2022 பெப்ரவரியில் ஆசிரியை ஒருவர் கடமையேற்க வந்தபோது பிணக்கு மீண்டும் வெடித்து நீதிமன்றத்தை எட்டியது.

இங்கே மோதிய இரு தரப்பும் தேசிய அளவில் சிறுபான்மையினர். ஒரு தரப்பு மத உடைக்கான உரிமையையும் தொழிலில் சமத்துவத்தையும் முன்வைத்தது. மறுதரப்பு நீண்டகாலப் பாடசாலைப் பண்பாட்டைக் காக்கும் கவலையை முன்வைத்தது. உரிமை எது என்பதை விதந்துரை சொல்லிவிடலாம். அவ்வுரிமை நாளாந்தம் நடைமுறையாவதற்கு அதிபர், பெற்றோர், வலயக் கல்வி அலுவலகம், ஆசிரியைகள் ஆகியோரை ஒரே மேசையில் இருத்தித் தொடர்ந்து கண்காணிக்கும் உள்ளூர் அமைப்பு வேண்டும். அது இல்லாத நிலையில் நான்கு ஆண்டுகள் கழிந்தும் பழைய இடத்திலேயே பிணக்கு நின்றது. 2024இல் திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவியர் சிலரின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள், அவர்கள் தலையை மறைத்திருந்த முறை காரணமாக இடைநிறுத்தி வைக்கப்பட்டமையும் இதே வகையானது. பரீட்சை மண்டபத்தின் உடை விதி முன்னரே தெளிவாக்கப்பட்டிருந்தால் மாணவியர் எதிர்காலம் குறித்து அஞ்ச நேர்ந்திராது.

சட்டத்தின் மூன்று இடைவெளிகள்

முதலாவது, தனியார் துறை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் நுழைவதை இவ்வகைக் காரணங்களால் மறுக்கலாகாது என்கிறது 12(3)ஆம் உறுப்புரை. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் கிடைக்கும் பரிகாரம் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு மட்டுமே உரியது. உணவகத்துக்குள் விட மறுத்த தனியாளுக்கு எதிராக உரிமை உண்டு, அதற்கேற்ற வழி இல்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது; ஆனால் அது சாதிக்கு மட்டுமானது.

இரண்டாவது, காலமும் தூரமும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால் விசாரணைக் காலம் கணக்கில் கொள்ளப்படாது என 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் சலுகை ஏழைகளுக்கு மிகப் பெறுமதியானது. அதை வெருகலிலுள்ள மீனவர் அறிந்திருந்தாலன்றிப் பயனில்லை.

மூன்றாவது, விதந்துரையின் வலு. ஆணைக்குழுவின் விதந்துரை நிறைவேற்றப்படாவிடின் சனாதிபதிக்கு அறிக்கையிடலாம். அது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும். இதற்கு அப்பால் கட்டாயப்படுத்தும் வழி பலவீனமானது.

இவற்றுக்கு நடுவே சட்டத்தில் ஒரு வலுவான சொல் உண்டு. நடந்த மீறலை மட்டுமன்றி, நிகழவிருக்கும் மீறலையும் ஆணைக்குழு தானாகவே விசாரிக்கலாம். முன்தடுப்புக்கான சட்ட அடித்தளம் இதுவே. ஒரு வர்த்தமானி அறிவித்தல், ஓர் இடமாற்றம், ஓர் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வெளியாகும் நாளிலேயே அதைக் கவனிக்கக்கூடியவர் மாவட்டத்தில் இருப்பவரே, கொழும்பில் இருப்பவரல்லர்.

உபகுழுவின் அமைப்பும் பணியும்

உபகுழு மாகாண மட்டத்துக்குரியதாகையால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களையும் உள்ளடக்கும். திருகோணமலையில் அதன் இருப்பிடமும் நிரந்தர அமர்வும் அமையலாம். உறுப்பினர் மூன்று சமூகங்களிலிருந்தும் சம அளவிலும், பெண்கள் குறையாமலும் நியமிக்கப்பட வேண்டும். பதவியிலுள்ள அரசியல்வாதிகளும் பாதுகாப்புப் படையினரும் விலக்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறைப்பாடும் முறைப்பாட்டாளரின் மொழியிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாயிருக்கும் நாட்டில் இது சலுகையன்று.

அதன் பணிகள் நான்கு. பிரதேச செயலகங்களில் மாதந்தோறும் நடமாடும் அமர்வு நடத்துதல். காணி, ஆட்சேர்ப்பு, பாடசாலை தொடர்பான அறிவித்தல்களை முன்கூட்டி ஆராய்தல். சட்டம் இடமளிக்கும் இணக்க முயற்சியை நடத்தி, எட்டிய உடன்பாட்டை ஆறு மாதம் பின்தொடர்தல். ஆண்டுதோறும் மாவட்ட நிலைமை பற்றி மும்மொழியிலும் அறிக்கை வெளியிடுதல். தனியார் தொழில் வழங்குநரை இச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அவர்களோடு விருப்ப ஒழுக்கக் கோவை ஒன்றில் உடன்பட்டு, கிடைக்கும் அனுபவத்தைக் கொண்டு சமத்துவச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றத்திடம் கோரலாம்.

ஆட்சேபங்கள்

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் போதும் என்பது ஓர் ஆட்சேபம். அவை அயலவர் பிணக்குகளுக்குப் பெரிதும் உதவுகின்றன. ஆனால் சமரசம் இரு தரப்பையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது; சமத்துவ உரிமையில் பாதியை விட்டுக்கொடுக்கும்படி எவரையும் கேட்க முடியாது. உள்ளூர் அமைப்பை உள்ளூர் அரசியல் கைப்பற்றிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். இது உண்மையான அபாயம். நியமனம் ஆணைக்குழுவிடமே இருப்பதும், உபகுழுவின் முடிவை ஆணைக்குழு மீளாய்வு செய்யக்கூடியதாயிருப்பதும் அதற்குக் காப்பு. ஒப்படைத்த அதிகாரத்தை ஆணைக்குழு எந்நேரமும் மீளப் பெறலாம் என்பது மூன்றாவது குறை. சில ஆண்டு அனுபவத்தின்பின் உபகுழுவுக்குச் சட்டத்திலேயே நிலையான இடம் கொடுப்பதே அதற்குத் தீர்வு.

நகர மட்ட அமைப்பு சாத்தியம் என்பதற்கு நியூயோர்க் சான்று. 1943இல் ஹார்லெம் பகுதியில் கலவரம் நடந்தபின், 1944இல் நகர மேயர் ஓர் ஒற்றுமைக் குழுவை அமைத்தார். அதன் வழிவந்த அமைப்பு 1962இல் மனித உரிமைகள் ஆணைக்குழுவாகி, இன்று தனியார் தொழில், வாடகை வீடு, கடை வரை பாரபட்சத்தை விசாரிக்கிறது. ஆலோசனைக் குழுவாகத் தொடங்கி அதிகாரமுள்ள ஆணைக்குழுவாக வளர அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. திருகோணமலை அவ்வளவு தொலைவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இங்கே சட்டமும் அலுவலகமும் ஏற்கெனவே உள்ளன. எஞ்சியிருப்பது ஆணைக்குழுவின் ஒரு தீர்மானமும் அதற்கான நிதி ஒதுக்கீடுமே.