எண்கோண முத்திரையும் கத்தரிக்கோலும்

கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியைக் கடந்து பிலிமத்தலாவை வழியே கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் 1832 முதலே தபால் வண்டி ஓடியது. புகைவண்டி கண்டியை எட்டியதோ 1867இல்தான். ஆகவே, இலங்கையின் முதல் தபால் முத்திரைகளைத் தாங்கிய கோப்பித் தோட்டக் கடிதங்கள் இச்சாலை வழியாகவே கொழும்புக்கு இறங்கின.

1857 ஏப்ரல் முதலாந் திகதி ஆறு பென்ஸ் முத்திரை வெளிவந்தது. 1859இல் நாலு பென்ஸ் முதலிய சில எண்கோண வடிவில் வந்தன. மங்கிய ரோஜா நிறமுடைய அந்த நாலு பென்ஸ் முத்திரையே சேகரிப்போர் கனவு. போலிக்காரரின் கனவும் அதுவே!

கல்லச்சுப் போலியை அறிதல் எளிது. இலண்டன் பெர்க்கின்ஸ் பேக்கன் அச்சகத்தார் செதுக்குத் தகட்டில் அச்சிட்டமையால், மெய்ம் முத்திரையில் மைக்கோடுகள் சற்றே மேடிட்டிருக்கும், கல்லச்சு தட்டையானது. நீர்க்குறியாக நட்சத்திரம் இருத்தல் வேண்டும். முடியும் 'சிசி' என்னும் எழுத்துகளும் தெரிந்தால் அது பிந்திய வெளியீடு.

உண்மையான தொல்லை வேறு. 1861 முதல் அதே முத்திரை, அதே நட்சத்திரத்துடன், ஓரத்தில் துளையிடப்பட்டு வந்தது. அதன் பற்களைக் கத்தரித்துவிட்டால் முந்தியதுபோல் தோன்றும். தாளும் மையும் மெய், மோசடியெல்லாம் ஓரத்தில். அக்காலத்தார் பலர் முத்திரையை எண்கோணமாகவே வெட்டி ஒட்டியது ஏமாற்றுவோருக்கு வாய்ப்பாயிற்று. நாற்புறமும் அகன்ற ஓரமுள்ளதையே நம்பலாம்.

அதனினும் வலிய சாட்சி, 1861க்கு முந்திய திகதிக் குறியோடு கடித உறையில் ஒட்டியபடியே கிடைக்கும் முத்திரை. பழம்பெட்டியில் அத்தகைய உறையைக் கண்டெடுத்து, முத்திரையை நீரில் ஊறவைத்துப் பெயர்ப்பவர் அச்சாட்சியைத் தம் கையாலேயே அழிக்கிறார்.