கைதட்டி வாங்கிய பேரரசன்

ஸ்டார் வார்ஸ் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2005-ல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்'. அனகின் ஒன்றும் பிறவி வில்லன் இல்லை. மனைவி பிரசவத்தில் இறந்துவிடுவாளோ என்று பயந்தவன். அந்தப் பயத்தைத்தான் பால்படீன் பிடித்துக்கொள்கிறான்.

நாட்டையும் அவன் அப்படித்தான் வளைக்கிறான். போரைக் காட்டி அவசர அதிகாரம் வாங்குகிறான். கடைசியில் செனட்டே கைதட்டி அவனைப் பேரரசனாக்குகிறது.

வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாதுங்க. கி.மு. 27-ல் ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' பட்டம் கொடுத்தது ரோம் செனட்தான். ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 27-ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அடிப்படை உரிமைகள் பறிபோயின. மார்ச் 23-ல், சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்குத் தூக்கிக் கொடுக்க 444 பேர் ஓட்டுப் போட்டார்கள். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. எதிர்த்தவர்கள் 94 பேர். அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

பிள்ளைகள் வாள்சண்டைக்காகத்தான் இந்தப் படம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்த செனட் காட்சியில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, 'இதில் யாரெல்லாம் கைதட்டவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள்.